பணம் இருந்தும் எட்டாமல் போன கோலாலம்பூர் நாட்கள்

எங்கள் தோழிகள் வட்டத்தில் யாராவது ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்றால் பேச்சு களைகட்டிவிடும். என்ன புடவை எடுத்துப்போவது, அங்கே மழையா வெயிலா, ஊறுகாய் பாட்டிலை எப்படிக் கட்டுவது என்று விடிய விடிய ஓடும். இணையத்தில் பழகி, பல வருடங்களாக வாட்ஸ்அப்பில் தினமும் பேசிக்கொள்ளும் பெண்கள் நாங்கள். பாதிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் யார் வீட்டில் பால் பொங்கியது, யார் மாமியாருக்குச் சர்க்கரை ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். பணத்தைப் பற்றி மட்டும் யாரும் விவரமாகப் பேசமாட்டோம். "கார்டு இருக்கிறதல்லவா, பிறகென்ன கவலை" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். மலேசியாவில் நான் பட்ட பாட்டை அங்கே இருந்தபோது இவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது அடுத்தடுத்து இருவர் வெளிநாடு கிளம்புகிறார்கள், "எவ்வளவு பணம் கொண்டுபோக வேண்டும்" என்று கேட்கிறார்கள். எவ்வளவு என்பதைவிட, அந்தப் பணம் எந்த வழியாக உங்கள் கைக்கு வரும் என்பதுதான் முக்கியமான கேள்வி. அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

நான் ஸ்ரீரங்கத்தில் அம்மாவுடன் இருக்கிறேன். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி, அதிகம் நடமாட முடியாது. சம்பாதிப்பது, செலவழிப்பது எல்லாம் நான்தான். பால்காரர், மருந்துக்கடை, வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் என எல்லாமே என் கைபேசியிலிருந்துதான் போகும். இதை வசதி என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வட்டத்தில் ஒருத்தி மலேசியாவில் கிள்ளான் ஊர்க்காரி. தன் மகள் கல்யாணத்துக்கு, "அக்கா, இந்தத் தடவை சாக்கு சொல்லக்கூடாது, வந்தே தீரவேண்டும்" என்று அழைத்தாள். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஏறக்குறைய நான்கு மணி நேரம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு அங்கே விசாவும் வேண்டாம். இறங்குவதற்கு மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்பினால் போதும். வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாக வெளிநாடு கிளம்பினேன். கல்யாணம், பத்துமலை முருகன் கோயில், அப்படியே ரயிலேறிப் பினாங்கு என்று திட்டம்.

கிளம்பும் முன் வங்கிக்குப் போய், பயணத்துக்கென்று கொடுக்கும் வெளிநாட்டு நாணய அட்டை கேட்டேன். பாஸ்போர்ட், பான் அட்டை, டிக்கெட் எல்லாம் வாங்கிப் பார்த்தார்கள். "மலேசியப் பணமான ரிங்கிட் போட்டுக் கொடுங்கள்" என்றேன். "இந்த அட்டையில் ரிங்கிட் கிடையாது, டாலர் போடுகிறோம், உலகம் முழுக்கச் செல்லும்" என்றார் அந்த அலுவலர். செல்லும் என்பது உண்மைதான். டாலர் இருக்கும் அட்டையை ரிங்கிட்டில் தேய்த்தால் ஒவ்வொரு முறையும் தனியாக ஒரு மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. என் அட்டையில் அது மூன்றரை சதவீதம். 50,000 ரூபாய்ப் பணத்தை இப்படிச் செலவழித்தால் 1,750 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். ரூபாயை டாலராக மாற்றும்போதே வங்கி தன் விலையில் ஒரு பங்கு எடுத்திருக்கும், அதற்கு ஜிஎஸ்டியும் உண்டு. ஆகவே, வங்கிக்குப் போனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, போகிற நாட்டின் நாணயம் அந்த அட்டையில் உண்டா என்பது. இல்லையென்றால் வேறு வங்கியிலோ, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ கேளுங்கள். திருச்சியில் மலேசிய, சிங்கப்பூர்ப் பணத்துக்குப் பஞ்சமே இல்லை. ரிங்கிட் நோட்டாகவே வாங்கலாம், ரசீது மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண கிரெடிட் கார்டு இன்னும் மோசம். பல வங்கிகள் மூன்றரை சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போடுகின்றன. 10,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் 413 ரூபாய் கூடுதல்.

கோலாலம்பூரில் இரவில் இறங்கினேன். விமான நிலைய ஏடிஎம்மில் கொஞ்சம் ரிங்கிட் எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து நகரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் வந்து, பக்கத்திலேயே பிரிக்ஃபீல்ட்ஸில் பதிவு செய்திருந்த ஓட்டலுக்கு நடந்தேன். பூக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, புடவைக் கடை என்று தெருவே நம் ஊர் போல இருந்ததில் மனம் தெம்பாகிவிட்டது. ஓட்டலில் வெளிநாட்டவருக்கு அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. இது அரசு விதி, பெரும்பாலான ஓட்டல்களில் உண்டு. அதோடு, காலி செய்யும்போது திருப்பித் தருவதாக 100 ரிங்கிட் முன்பணமும் ரொக்கமாகக் கேட்டார்கள். வரியை அட்டையில் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பையன் அந்தச் சின்ன இயந்திரத்தில் ஏதோ ஒரு பொத்தானைத் தானே அழுத்திவிட்டுச் சீட்டைக் கிழித்து நீட்டினான். சீட்டில் இரண்டு தொகைகள் இருந்தன. மேலே ரிங்கிட், கீழே டாலர், நடுவில் ஒரு மாற்று விகிதம். அதற்கும் கீழே பொடி எழுத்தில், டாலரில் செலுத்த நான் சம்மதித்ததாக ஒரு வரி. அந்த விகிதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வெளியே நாணய மாற்றுக் கடையில் எழுதியிருந்ததைவிட வெகு மோசம். கடையிலோ ஏடிஎம்மிலோ இயந்திரம் இரண்டு நாணயங்களைக் காட்டினால் எப்போதும் அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் அழுத்தும் முன் "ரிங்கிட்டில்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இயந்திரத்தை உங்கள் பக்கம் திருப்பச் சொல்வதில் தவறே இல்லை.

மறுநாள் காலைதான் பெரிய அடி. கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டும், கிள்ளான் போய்வர வேண்டும், கையில் இருந்த ரொக்கத்தில் பெரும்பகுதி முன்பணத்துக்குப் போயிருந்தது. அங்கிருந்த ஒரு ஏடிஎம்மில் 500 ரிங்கிட் எடுக்கப் போனேன். அப்போது ஒரு ரிங்கிட் ஏறக்குறைய 20 ரூபாய், அதாவது 10,000 ரூபாய். இயந்திரம் எண்ணுகிற சத்தம் கேட்டது, பணம் வரவில்லை. திரையில் மலாயில் ஏதோ வந்து மறைந்தது. அட்டை மட்டும் வெளியே வந்தது. வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தால் பணம் கழிந்திருக்கிறது. அடுத்த இயந்திரத்தில் முயன்றேன், மறுத்துவிட்டது. இன்னொன்றிலும் அதேதான். சற்று நேரத்தில் செயலியே சொன்னது: பாதுகாப்புக் காரணங்களுக்காக அட்டை முடக்கப்பட்டுள்ளது, திறக்க உங்கள் பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போடவும்.

அந்த ஓடிபி வரவே இல்லை. விமான நிலையத்தில் மலேசிய சிம் ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன், இணையம் பிரமாதமாக ஓடியது. என் இந்திய சிம் இரண்டாவது இடத்தில் இருந்தது, ஆனால் 'சேவை இல்லை' என்றே காட்டியது. வெளிநாட்டில் வேலை செய்யவைக்கும் ரோமிங் பேக் போடாத ப்ரீபெய்டு எண், கடல் தாண்டியதும் அடங்கிவிட்டது. வங்கியின் உதவி எண்ணுக்குச் சர்வதேச அழைப்பு போட்டேன். இசையைக் கேட்டபடி காத்திருந்து, மலேசிய சிம்மில் இருந்த காசெல்லாம் கரைந்து, கடைசியில் ஒரு பெண் எடுத்தார். மிகவும் பணிவாகப் பேசினார். "உங்களைச் சரிபார்க்க உங்கள் எண்ணுக்கு ஒரு ஓடிபி அனுப்புகிறேன் மேடம்" என்றார். அந்த எண்தான் வேலை செய்யவில்லை என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அவரால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

பையில் என் சாதாரண டெபிட் கார்டும் இருந்தது. 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி நமக்குப் புதிதாகத் தரும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு இயல்பாகவே மூடியிருக்கும், நாமே கேட்டுத் திறக்க வேண்டும். திருட்டைத் தடுக்க நல்ல ஏற்பாடு. ஆனால் அதைத் திறக்கவும் ஓடிபி வேண்டும். யுபிஐ எதற்காவது ஆகுமா என்று பார்த்தேன். கடைகளில் நம் ஊர் போலவே கியூஆர் அட்டை ஒட்டியிருந்தது, ஆனால் அது அவர்கள் நாட்டு முறை, நான் முயன்ற கடையில் என் செயலி அதை ஏற்கவில்லை. சேமிப்புக் கணக்கில் போதுமான பணம் இருக்கிறது, அட்டையில் டாலர் இருக்கிறது, கையில் இரண்டு கார்டு இருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. அன்று மாலை ஒரு ரொட்டி சானாயும் தேநீரும் போதும் என்று வெளியே வந்தேன். கடைக்காரர் "ஐந்து வெள்ளி" என்றதும் (ரிங்கிட்டை அங்கே தமிழர்கள் வெள்ளி என்பார்கள்), மிச்சமிருந்த நோட்டுகளை மேசைக்கு அடியில் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல், நாலு பேருக்கு நடுவில் அப்படி உட்கார்ந்திருப்பது கொடுமை.

தோழியிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கல்யாண வீட்டில், அதுவும் நேரில் முதல்முறையாகப் பார்க்கப் போகிறவளிடம், கைமாற்று கேட்டுக்கொண்டு போய் நிற்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. இத்தனைக்கும் வட்டத்தில் எல்லோரும் "படம் போடு, படம் போடு" என்று கேட்டபடி இருந்தார்கள். மூன்று ரிங்கிட்டுக்குள் ரயிலில் போய்விடலாம் என்பதால் பத்துமலைக்குப் போனேன். 272 படியேறி முருகனைப் பார்த்து, தங்கநிறச் சிலைக்குக் கீழே சிரித்த முகமாக எடுத்த படத்தை அனுப்பினேன். இதயக் குறிகள் வந்து குவிந்தன. அதைப் பார்த்தபோது இன்னும் தனியாகிவிட்டதுபோல் இருந்தது.

அன்று இரவுதான் அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே அவள் சாப்பிடும் வேளை. "சாப்பிட்டாயா அம்மா" என்றேன். "எதிர்வீட்டு மாமி தோசை கொடுத்தாள்" என்றாள். ஏன் என்று துருவிக் கேட்டபிறகு சொன்னாள். காலையில் அடுப்பு அணைந்துவிட்டது. நான் கிளம்பும் முன் பதிவு செய்திருந்த சிலிண்டர் வந்ததும் வந்தது, கொண்டுவந்தவர் குறியீட்டு எண்ணைக் கேட்டிருக்கிறார். அது என் எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாக வரும். எண்ணில்லாமல் தரமுடியாது என்று சிலிண்டரைத் திருப்பி எடுத்துப்போய்விட்டார். நான் ஊரில் நிம்மதியாக இருக்கட்டும் என்று அம்மா அதை மறைத்திருக்கிறாள். வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பள நாள் வேறு வந்துவிட்டது. கோலாலம்பூரில் நான் மாட்டிக்கொண்டதும் ஸ்ரீரங்கத்தில் அம்மா மாட்டிக்கொண்டதும் ஒரே சிம் கார்டினால்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டின் அத்தனை கதவுகளுக்கும் அந்த எண் ஒன்றே சாவியாகிவிட்டிருந்தது.

வழி பிறந்ததும் அங்கேதான். எதிர்வீட்டு மாமியின் மகனை அம்மாவின் கைபேசியிலேயே அழைத்துப் பேசச் சொன்னேன். நம் எண்ணுக்கு நாம்தான் ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். மலேசியாவுக்குப் பொருந்தும் ரோமிங் பேக்கைத் தன் பணத்தில் போட்டுவிட்டான், ஆயிரம் ரூபாய் அளவில் ஆனது. பேக் போட்டதும் உடனே உயிர் வந்துவிடாது. கைபேசி அமைப்பில் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கைத் திறந்து, நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல் பட்டியலில் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுத்து, ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகுதான் சிக்னல் வந்தது. வந்த வேகத்தில் தேங்கிக் கிடந்த செய்திகள் டிங் டிங் என்று கொட்டின. வங்கி, மருந்துக்கடை, நடுவில் எரிவாயு நிறுவனத்தின் குறியீட்டு எண். அதை உடனே அம்மாவுக்கு அனுப்பினேன். அட்டையைத் திறக்கும் ஓடிபியும் அடுத்த நிமிடமே வந்தது.

அதற்கிடையில் என்னைக் காப்பாற்றியது பர்ஸின் உள்பையில் இருந்த இந்திய ரூபாய்தான். திரும்பி வந்து திருச்சியில் டாக்ஸிக்கு ஆகும் என்று சில 500 ரூபாய் நோட்டுகளை வைத்திருந்தேன். நாம் 25,000 ரூபாய் வரை நம் நோட்டை வெளியே எடுத்துப்போக அனுமதி உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா பகுதியிலும் உள்ள நாணய மாற்றுக் கடைகளில் நம் ரூபாயை வாங்கிக்கொள்கிறார்கள். விகிதம் சுமார்தான், ஆனால் அந்த நேரத்தில் அது தெய்வம். இந்த வசதி எல்லா நாட்டிலும் கிடைக்காது. அமெரிக்க டாலர் நோட்டு கொஞ்சம் வைத்திருந்தால் பெரும்பாலான நாடுகளில் மாற்றிக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பணம் எடுத்து, உறையில் மொய் வைத்து, நிம்மதியாகப் போய் வந்தேன். அந்த உறையை நீட்டும்போது எனக்கு ஏன் கண் கலங்கியது என்று தோழிக்குத் தெரியாது, கட்டிக்கொண்டாள். ஊர் திரும்பிய பிறகு வட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னபோது அவள்தான் அதிகம் கோபப்பட்டாள். "அக்கா, கிள்ளானிலிருந்து அரைமணியில் ஆள் அனுப்பியிருப்பேனே, தினமும் பேசுகிற பேச்சுக்கு என்ன அர்த்தம்" என்றாள். இன்னொருத்தி, துபாயில் இருப்பவள், தனக்கும் இதேபோல் அட்டை முடங்கியதாகவும் கணவரிடம்கூடச் சொல்லாமல் சமாளித்ததாகவும் அன்றுதான் சொன்னாள். வெளியூரில் பணத்துக்குத் திண்டாடினால் அதைச் சொல்வதில் மானக்குறைவு எதுவும் இல்லை என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். வட்டத்தில் யார் கிளம்பினாலும் தினம் ஒரு முறை "பணம் சரியாக இருக்கிறதா" என்று யாராவது கேட்டுவிடுகிறோம்.

பினாங்கு போகவே இல்லை. அதற்காகப் பட்டர்வொர்த் வரை ரயிலுக்கு எடுத்த டிக்கெட் வீணாகிவிட்டது. ஏடிஎம் விழுங்கிய 500 ரிங்கிட் திரும்பிவர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. நம் நாட்டு ஏடிஎம்மில் இப்படி நடந்தால் ஐந்து நாட்களுக்குள் வங்கி திருப்பிப் போட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்பது 2019 முதல் ரிசர்வ் வங்கி விதி. அது உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும். வெளிநாட்டு இயந்திரம் என்றால் இரண்டு வங்கிகளுக்கிடையே கடிதப் போக்குவரத்து நடந்துதான் முடியும். எனக்கு உதவியது, அந்த இயந்திரத்தையும் அதன்மேல் ஒட்டியிருந்த எண்ணையும் அப்போதே படம் எடுத்து வைத்திருந்ததுதான். நேரம், இடம், இயந்திர எண் மூன்றையும் எழுதிக் கொடுத்து, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாட்களில் வங்கி தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே கட்டணமின்றி முறையிடலாம். நான் அப்படிச் செய்யப்போவதாக எழுதிய பிறகுதான் என் விஷயம் நகர்ந்தது. பணம் வந்தது, பிடித்த கட்டணங்கள் வரவில்லை. கட்டணம், மோசமான விகிதம், ரோமிங், வீணான டிக்கெட் எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கும்.

இப்போது கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விமானம் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே ரோமிங் பேக் பற்றி விசாரித்து, இறங்கும் நாளிலிருந்து குறுஞ்செய்தி வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். டெபிட் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வீட்டில் உட்கார்ந்தே திறந்துவைத்து, தொகைக்கு ஒரு வரம்பும் போடுங்கள். முதல் இரண்டு நாள் சாப்பாடு, போக்குவரத்து, ஓட்டல் முன்பணத்துக்கு அந்த நாட்டு நோட்டு கையில் இருக்கட்டும். அட்டைகளை ஒரே பர்ஸில் வைக்காதீர்கள். திரும்பிய பிறகு மிஞ்சும் அந்நியச் செலாவணியில் 2,000 டாலர் மதிப்பு வரை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பதால், அவசரப்பட்டுக் குறைந்த விலைக்கு மாற்றவேண்டியதில்லை.

வீட்டில் நான் மாற்றியவைதான் இதைவிட அவசியம். சிலிண்டர் இணைப்பில் அம்மாவின் எண்ணைப் பதிவு செய்துவிட்டேன், அந்தக் குறுஞ்செய்தியைப் படித்துக் காட்ட அவளுக்கே தெரியும். 2024 ஆகஸ்டில் வந்த யுபிஐ சர்க்கிள் வசதியில் என் கணக்கிலிருந்து அம்மா மாதம் 15,000 ரூபாய் வரை செலவழிக்கலாம், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய். முதல்நாள் மருந்துக்கடையில் அவளே கியூஆரைப் பிடித்துக் கட்டிவிட்டு, இனி உன்னைக் கேட்கவேண்டாம் பார் என்று சந்தோஷப்பட்டாள். மாமியிடம் ஒரு உறையில் ரொக்கம் கொடுத்துவைத்திருக்கிறேன், உள்ளே வேலைக்கார அக்காவின் சம்பள நாளும் தொகையும் எழுதிய சீட்டு இருக்கிறது. அடுத்த மாதம் கொழும்பு போகும் தோழிக்கு ஒரு வார்த்தை: 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கைக் கடைகளில் நம் யுபிஐ செல்கிறது, ஆனாலும் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இலங்கை ரூபாய் கையில் வைத்துக்கொள், சிம் விஷயத்தை இந்த வாரமே முடித்துவிடு.